இரட்டைச் சடையும் ஒரு வாக்குமூலமும்

கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் வக்கீல் மேடம் தன் கைப்பேசியை மேசையின் நடுவில், டிஷ்யூ பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். பேசுவதைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று ஒரு வார்த்தை கேட்பார். வேண்டாம் என்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. குடும்ப வழக்குக்கு வருகிறவர்கள் வீட்டிலேயே பாதி அழுதுவிட்டு வருகிறவர்கள். கைப்பேசி அவர்கள் கண்ணில் படுவதுகூட இல்லை. அவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்குவதற்குள் அந்தப் பேச்சு முழுவதும் எழுத்தாகிவிட்டிருக்கும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் அதுவே நீதிமன்றத்துக்குப் போகிற சத்திய வாக்குமூலமாகிவிடும். எண் போட்ட பத்திகள், நல்ல மலாய், ஒரு பிழை இருக்காது.

நான் அங்கே சேம்பரிங் செய்ய வந்தவன். சட்டம் படித்து முடித்தவன் வழக்கறிஞராகப் பதிவாகும் முன் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் சில மாதங்கள் வேலை பழக வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெயர். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தெப்ராவில், மோட்டார்சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே யாராவது எஞ்சினை முறுக்கினால் மேலே தண்ணீர்த் தம்ளர் நடுங்கும். அழுதுகொண்டிருக்கிறவர்கள்கூட அந்தச் சத்தத்துக்கு ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

மேடம் யாழ்ப்பாண வழி வந்தவர். தாத்தா ரயில்வேயில் இருந்தார், அப்பா அரசாங்க வேலை. அந்த வீட்டில் கையெழுத்துப் போடத் தெரியாத ஆளே மூன்று தலைமுறையாக இல்லை. எங்கள் வீடு வேறு மாதிரி. அப்பா லாரி ஓட்டினார். அம்மா கையுறை தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்து கால் நரம்பெல்லாம் புடைத்துப்போனவர். ஆறாம் வகுப்பைத் தாண்டியவன் எங்கள் பக்கத்தில் நான்தான் முதல். அம்மாவிடம் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் "கோர்ட்டுக்கு எழுதுறான்" என்பார். எழுதுவது என்பது அவருக்குப் பெரிய காரியம். எழுதியதை யாராவது மறுக்க முடியும் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை.

இந்த ஏஐ சமாசாரத்தை நான் தள்ளி நின்று திட்டுகிறவன் அல்லன். பல்கலைக்கழகத்தில் என் ஆங்கிலத்தைச் சீர்படுத்தியது அதுதான். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் வாத்தியார் இருந்தார், எனக்கு அது இருந்தது. அலுவலகத்திலும் மேடம் அதை வைத்துக்கொண்டதால்தான் ஏழைபாழைகளின் வழக்கைக் குறைந்த கட்டணத்துக்கு எடுக்க முடிந்தது. தட்டச்சுக்கு ஆள் வைக்க வசதியில்லாத அலுவலகம் அது. இதையும் சொல்லாவிட்டால் நான் சொல்லப்போவது நியாயமாக இருக்காது.

நான் சொல்ல வந்த கட்சிக்காரர் ஒரு அண்ணன். கெலாங் பாத்தாவிலிருந்து வந்தார். சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஓட்டுகிறவர். அன்று விடுப்புப் போட்டிருந்தாலும் தொழிற்சாலைச் சட்டையைத்தான் போட்டிருந்தார். நல்ல சட்டை அதுதான் போல. கூடவே மகள். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. உள்ளே பெரியவர்கள் பேச வேண்டியிருந்ததால் கொஞ்ச நேரம் என்னிடம் விட்டிருந்தார்கள். என் நாற்காலியில் ஏறிச் சுற்றிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"ஜட்ஜ் இங்கதான் இருப்பாரா?"

இல்லை, அவர் வேறு கட்டடத்தில் இருக்கிறார் என்றேன்.

"அப்ப நீங்க யாரு?"

நான் இன்னும் யாரும் இல்லை என்றேன். அதுதான் உண்மை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடி சுற்றினாள். அவள் தலைமுடியைப் பையன்களுக்கு வெட்டுவதுபோல ஒட்ட வெட்டியிருந்தார்கள். காதில் சின்னக் கம்மல் மட்டும் இல்லாவிட்டால் பையன் என்றே நினைத்திருப்பேன்.

பிறகு அவளைக் கீழே பட்டறை அங்கிளின் மனைவியிடம் விட்டுவிட்டு நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். விஷயம் இதுதான். மனைவி பிரிந்து, இரண்டு மணி நேரத் தொலைவில் தங்காக்கில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. விவாகரத்து வழக்கு நடக்கிறது. வழக்கு முடியும்வரை பிள்ளை யாரிடம் இருப்பது என்று நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட வேண்டும். மனைவி பிள்ளையைத் தங்காக்குக்குக் கேட்கிறார். அண்ணன் கேட்டது ஒன்றுதான். வீடு, நகை, கார், எதுவும் வேண்டாம். பிள்ளை தன்னோடு இருக்க வேண்டும்.

மேடம் ஒரு நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னார். காலையிலிருந்து இரவுவரை பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று.

"காலைல நான்தான் மேடம் எழுப்புவேன். எழுப்பி, சாப்பிட வச்சு, கெளப்பி, வேன்ல ஏத்துற வரைக்கும் நான்தான். ஒரு நாள்கூட விட்டதில்ல" என்றார் அண்ணன்.

எனக்கு அது விளங்கியது. எங்கள் ஃபிளாட்டிலும் அப்படித்தான். அக்கரையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே பஸ் ஏறிவிடுவார்கள். பாலத்தில் நெரிசல் சேர்வதற்குள் தாண்டியாக வேண்டும். ஷிஃப்ட் தொடங்குமுன் காண்டீனுக்குப் பின்னால் நின்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டுப் பிள்ளையை எழுப்புவார்கள். எழுந்த பிள்ளை ஃபோனை பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்துவிட்டுப் பல் துலக்கும், சாப்பிடும், காலுறை தேடும். அப்பா அங்கிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அக்கம்பக்கத்தில் யாராவது ஒரு பெரியவரிடம் சாவி இருக்கும். இந்த வீட்டில் அண்ணனின் சொந்த அக்காவே கீழ்மாடியில் இருந்தார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு 'எழுப்புவேன்' என்றால் இவ்வளவும் அதற்குள் அடக்கம். ஃபோனில் என்று தனியாகச் சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டதாக அவர்களுக்குத் தோன்றவும் தோன்றாது. மேடத்துக்கு விளங்கியதா தெரியவில்லை. மேசை நடுவில் கிடந்த கைப்பேசிக்கு விளங்கவில்லை.

கிளம்பும்போது படிக்கட்டில் வைத்து அண்ணன் மகளின் தலையைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார். முடி நல்ல நீளமாக இருந்ததாம். அம்மா போன பிறகு பின்னிவிட ஆளில்லை. அக்காவுக்குக் கை நடுக்கம். ஃபோனில் சொல்லிக்கொடுத்துப் பின்ன முடியுமா? எண்ணெய் காணாமல் சிக்கு விழுந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தான் முடிவெட்டிக்கொள்கிற கடைக்கே கூட்டிப்போய் வெட்டிவிட்டாராம். வெட்டி முடியும்வரை அவள் கண்ணாடியைப் பார்க்கவே இல்லையாம். அதற்குப் பிறகு இரண்டு நாள் தன்னோடு பேசவில்லை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். அது பதிவில் இல்லை. கைப்பேசி மேலே மேசையில் இருந்தது.

சில நாள் கழித்து வரைவு தயாரானது. வாக்குமூலம் கொடுக்கிறவருக்கு நீதிமன்ற மலாய் படிக்க வராவிட்டால் அவருக்குத் தெரிந்த மொழியில் வரிவரியாகச் சொல்லிக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் அவர் சத்தியப் பிரமாண அதிகாரி முன்னால் போய்க் கையெழுத்துப் போடலாம். அண்ணன் சந்தையில் புழங்குகிற பசார் மலாயை எங்களைவிட வேகமாகப் பேசுவார், ஆனால் கோர்ட் மலாய் வேறு. அலுவலகத்தில் தமிழில் சொல்லிக் காட்டுகிற வேலை என்னுடையது. எனக்கு அது பிடித்த வேலை. பல்கலைக்கழகத்தில் படித்த எதையும்விட அதில்தான் நான் யாருக்கோ உபயோகப்படுகிறேன் என்று இருந்தது.

திருமணம், முகவரி, பிரிந்த விவரம் எல்லாம் சரியாக வந்தது. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு அந்தப் பத்தி வந்தது. தமிழில் நான் சொன்னது ஏறக்குறைய இப்படி இருந்தது: தினமும் காலையில் நான் என் மகளை அன்போடு எழுப்பி, சத்தான உணவு சமைத்துக் கொடுத்து, அவள் கூந்தலை இரட்டைச் சடையாகப் பின்னிவிட்டு, கையைப் பிடித்துப் பள்ளி வேனுக்கு அழைத்துச் செல்கிறேன். புன்னகையோடு எங்கள் நாளைத் தொடங்குகிறோம்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது. முடிவெட்டுக் கடைக் கண்ணாடிதான் ஞாபகத்துக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் இப்போது தலையாட்டவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க தம்பி."

நான் மறுபடி சொன்னேன்.

"நல்லாருக்கு" என்றார்.

இது தவறாக வந்திருக்கிறது, நீங்கள் இப்படிச் சொல்லவில்லை, எடுத்துவிடுகிறேன் என்றேன். நான் பேனாவை எடுப்பதற்குள் அவர் கையைத் தாளின்மேல் வைத்துவிட்டார். மெஷின் வேலை செய்கிறவர்களின் கை, நகக்கண்ணில் கறுப்பு ஏறிப்போனது.

"நா பொய் சொல்லல தம்பி. நா சொல்லவே இல்ல. அதுவா எழுதியிருக்கு. இருக்கட்டுமே."

இது சத்தியம் பண்ணிக் கொடுப்பது, பொய்யென்று தெரிந்தால் குற்றமாகிவிடும், பள்ளியில் விசாரித்தால்கூடத் தெரிந்துவிடும் என்று நான் எனக்குத் தெரிந்த சட்டத்தையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கையை மட்டும் எடுக்கவில்லை.

"அந்த பஸ்ஸு மட்டும் ஏறலன்னா நா இப்படித்தானே இருப்பேன்? சொல்லுங்க. இதுல எது பொய்யி?"

கீழே யாரோ எஞ்சினை முறுக்கினார்கள். அது அடங்கும்வரை இரண்டு பேரும் சும்மா இருந்தோம். அடங்கியதும் மேடத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இளம் வழக்கறிஞர்களுக்குக் கருத்தரங்கு நடந்தது. செயற்கை நுண்ணறிவும் தொழில் ஒழுக்கமும் பற்றி. குளிர்சாதனம் எலும்பைக் குத்தியது. இல்லாத தீர்ப்பை மேற்கோள் காட்டாதீர்கள், கட்சிக்காரரின் ரகசியத்தை உள்ளே போடாதீர்கள், வந்ததைச் சரிபார்க்காமல் தாக்கல் செய்யாதீர்கள் என்றார்கள். எல்லாம் குறித்துக்கொண்டேன். சரிபார்க்கும்போது கட்சிக்காரரே தாளின்மேல் கையை வைத்துக்கொண்டு, இது நான்தான், இப்படி இருக்கத்தான் ஆசைப்பட்டேன் என்று சொன்னால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டில் ஆட்டிறைச்சி நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டு வந்தோம்.

மேடத்திடம் போனேன். அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். எந்த வாக்குமூலம்தான் கட்சிக்காரரின் சொந்த வார்த்தையில் இருக்கிறது என்று கேட்டார். தான் சேம்பரிங் செய்த காலத்தில் தன் மூத்தவர் ஒரு நல்ல மனைவிக்கு ஒரு பத்தி, ஒரு பொறுப்பான கணவனுக்கு ஒரு பத்தி என்று கைவசம் வைத்திருந்தாராம். பெயரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் போடுவாராம். அப்போது யாரும் ஒழுக்கம் பற்றிக் கருத்தரங்கு நடத்தவில்லை. இப்போது அதையே இது செய்கிறது, கொஞ்சம் நன்றாகச் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் சொன்னது பாதி சரி என்று எனக்கு அப்போதே தோன்றியது. சட்ட வார்த்தையைப் போர்த்துவது வேறு, நடக்காததை நடந்ததாக எழுதுவது வேறு என்றேன். அந்தப் பெண்ணுக்குப் பின்னுவதற்கு முடியே இல்லை மேடம் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு அது தெரியாது. பிள்ளை வெளியே என் நாற்காலியில்தானே சுற்றிக்கொண்டிருந்தது. சரி, எடுத்துவிடு, நடந்ததை நீயே எழுது என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைத் திறந்தார்.

நான்தான் எழுதினேன். அதற்கு எந்த இயந்திரத்தையும் கேட்கவில்லை. விடியுமுன் வேலைக்குக் கிளம்புவது, சாவி அக்காவிடம் இருப்பது, காண்டீனுக்குப் பின்னால் நின்று எழுப்புவது, பிஸ்கட் டின், வேன் ஹாரன் கேட்கும்வரை தொடர்பைத் துண்டிக்காமல் இருப்பது. மலாயில் அது அவ்வளவு அழகாக வரவில்லை, ஆனால் உண்மையாக இருந்தது. படித்தால் யாருக்கும் தொண்டை அடைக்கும் என்று நினைத்தேன். நீதிபதியும் மனிதர்தானே. அப்படித்தான் அப்போது நம்பினேன். அண்ணனுக்குச் சொல்லிக் காட்டினேன். அவர் ஆர்வமில்லாமல் கேட்டார்.

"இதான் எனக்கே தெரியுமே" என்றார். பிறகு, "ஒங்க இஷ்டம் தம்பி. படிச்சவங்க நீங்க" என்று எழுந்தார். இரண்டு கடை தள்ளி இருந்த அதிகாரி முன்னால் நின்று சத்தியம் செய்தார். முத்திரை விழுந்தது.

எதிர்த்தரப்பு வாக்குமூலம் வந்தபோது அதைக் கோப்பில் சேர்ப்பதற்காக நான்தான் முதலில் படித்தேன். மனைவியின் வாக்குமூலம், தங்காக்கிலிருந்து. நடுப்பக்கத்தில் ஒரு பத்தி. அன்போடு எழுப்பி, சத்தான உணவு சமைத்து, கூந்தலை இரட்டைச் சடையாகப் பின்னிவிட்டு. புன்னகையோடு எங்கள் நாளைத் தொடங்கினோம். நாங்கள் நீக்கிய அதே மலாய். காலம் மட்டும் இறந்தகாலமாக மாறியிருந்தது.

எங்கள் பழைய வரைவு எப்படியோ அங்கே போய்விட்டதா என்றுதான் முதலில் பயந்தேன். போகவில்லை. அந்த அலுவலகத்திலும் மேசை நடுவில் ஒரு கைப்பேசி இருந்திருக்கும். அந்தப் பெண்ணும் தன் பிள்ளையைப் பற்றி ஏதோ சொல்லி அழுதிருப்பார். நல்ல அப்பாவுக்கும் நல்ல அம்மாவுக்கும் அதனிடம் இருந்தது ஒரே காலைப்பொழுதுதான்.

மேடத்திடம் காட்டினேன். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

இதை எதிர்த்துப் பதில் போடலாம், பிள்ளைக்கு முடியே இல்லை என்று சொல்லலாம், பள்ளிப் படத்தை இணைக்கலாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் நடுவில் கைகாட்டி நிறுத்தினார். கோபமோ வருத்தமோ வந்தால் மட்டும் அவருக்கு வீட்டுத் தமிழ் வரும்.

"முடி இல்லை எண்டு சொன்னா, ஆர் வெட்டினது எண்டு கேப்பாங்கள். நாங்கள் என்ன சொல்லுறது?"

அண்ணன்தான் என்றேன்.

"அம்மா பின்னி விட்ட முடி. அப்பா வெட்டிப்போட்டார். அப்பிடித்தான் அது கோர்ட்டில கேக்கும். சொல்ல ஏலாது, விடு."

அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அந்த அம்மா போவதற்கு முன்னால் உண்மையாகவே சடை பின்னியிருக்கிறார். அது இறந்தகாலத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. புன்னகையோடு தொடங்கினார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? பின்னிக்கொண்டே திட்டியிருக்கலாம். பின்னிக்கொண்டே அழுதிருக்கலாம். அந்த வீட்டின் காலை எப்படி இருந்தது என்று அந்தப் பத்தி சொல்லவில்லை, ஆனால் அது பொய் என்று நிரூபிக்கவும் வழியில்லை. இயந்திரத்தின் வாக்கியம் அது, எங்களுக்கும் அதையே கொடுத்தது என்று சொல்லலாம்தான். சொன்னால் எங்கள் வாக்குமூலமும் அதில் தொடங்கியதுதான் என்று ஆகிவிடும். மேடம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கே புரிந்தது.

நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

விசாரணை, நீதிபதியின் அறையில் நடந்தது. கட்சிக்காரர்கள் வெளியே வராந்தாவில் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவை அன்றுதான் பார்த்தேன். மெலிந்த உடம்பு, கடையில் நின்று நின்று ஒரு பக்கம் சாய்ந்த நடை. மகளை மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் அதற்குப் பெரியவளாகிவிட்டதால் பாதி நழுவிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் கை அந்த ஒட்ட வெட்டிய தலையை விடாமல் தடவியது. எதிர்க்கோடியிலிருந்து அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி முதலில் பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசினார். அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வெளியே வரும்போது அவள் கையில் ஒரு மிட்டாய் இருந்தது, அவ்வளவுதான்.

நான் அறையின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி நல்ல மனிதர். கோப்பை உண்மையிலேயே படித்திருந்தார். நான் எழுதிய பத்தியைக் குறிப்பிட்டு, தகப்பன் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார், அது பாராட்டத்தக்கது என்றார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு அவர் அமைதியாகச் சொன்னார். இந்த வயதுப் பெண்பிள்ளைக்குக் காலையில் தேவைப்படுவது திரையில் ஒரு முகம் அல்ல, பக்கத்தில் இரண்டு கை. தாயின் வாக்குமூலத்தில் அந்தக் கை தெரிகிறது. துணிக்கடை தாமதமாகத் திறப்பதால் காலையில் தாய் வீட்டில் இருக்கவும் முடியும். மேடம் எழுந்து பள்ளி மாற்றம், அத்தையின் பராமரிப்பு என்று நன்றாகவே வாதாடினார். தொலைபேசியில் பேச அனுமதி கேட்டார். நியாயமான நேரத்தில் பேசலாம் என்றார் நீதிபதி. வழக்கு முடியும்வரை பிள்ளை தாயிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பன் பார்க்கலாம்.

நாங்கள் எடுத்துவிட்ட அந்த வரி இருந்திருந்தால் உத்தரவு மாறியிருக்குமா? மேடம் மாறியிருக்காது என்கிறார். எப்படியும் அம்மா பக்கம்தான் விழுந்திருக்கும், நீ அதை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிறார். அப்படி இருக்கலாம். பள்ளி வேன்காரரைக் கேட்டிருந்தால் பொய் வெளிப்பட்டு ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கும் என்றும் சொல்லலாம். யாரும் வேன்காரரைக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

வராந்தாவில் மேடம் அண்ணனிடம் மெதுவாக எடுத்துச் சொன்னார். அவர் அழவில்லை. சரிங்க மேடம், சரிங்க மேடம் என்றார். மேடம் கையெழுத்துப் போட உள்ளே போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவங்க வாக்குமூலத்துல என்ன இருந்துச்சு தம்பி? ஜட்ஜ் கைன்னு என்னமோ சொன்னாராமே."

எதிர்த்தரப்பு வாக்குமூலத்தை மேடம் அவருக்கு ஏற்கெனவே சுருக்கமாகச் சொல்லியிருந்தார், இந்தப் பத்தியை விட்டுவிட்டு. இப்போது அவர் நேராகக் கேட்கிறார். கட்சிக்காரருக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. நான் சொன்னேன். அதே வார்த்தைகளை, அதே வரிசையில்.

அவர் கேட்டு முடித்தார். வராந்தாக் கோடியில் மகள் மிட்டாய்த் தாளை நீவி விரித்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னோடதுல்ல?" என்றார்.

நான் கையிலிருந்த கோப்பை மூடினேன்.

"எங்கிட்டேர்ந்து எடுத்துட்டீங்க. அவங்களுக்கு மட்டும் உட்டுட்டாங்க." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு மகளிடம் போய்க் குனிந்து என்னவோ சொல்லிவிட்டு, படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விட்டார்.

நான் செய்தது சரிதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இன்னொரு முறை வந்தாலும் எடுக்கத்தான் செய்வேன். ஆனால் சரியைச் செய்தால் மனசு லேசாகும் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். யார் என்று தெரியவில்லை, பள்ளிக்கூடமாக இருக்கலாம். அது நடக்கவில்லை. வீட்டில் அம்மா அன்று கேஸ் என்னாச்சு என்று கேட்டார். தோற்றுவிட்டோம் என்றேன். "நீ எழுதினதா?" என்றார். ஆமாம் என்றேன். சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார். எழுதியும் தோற்க முடியும் என்பது அவருக்குப் புதிதாக இருந்திருக்கும்.

நான் இப்போது பதிவுபெற்ற வழக்கறிஞன். அதே அலுவலகம்தான். கைப்பேசி இன்னும் மேசை நடுவில்தான் இருக்கிறது. அதை நானே வைக்கிறேன், நானே அனுமதி கேட்கிறேன். எதுவும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. வரைவு வந்ததும் முதலில் புன்னகை என்ற சொல்லைத் தேடி அழிக்கிறேன். பிறகு கட்சிக்காரரை மறுபடி உட்காரவைத்து, 'எழுப்புவேன்' என்றால் எப்படி, எங்கே நின்றுகொண்டு, என்று கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. ஒரு அம்மா, போன வக்கீல் இவ்வளவு தொல்லை கொடுக்கவில்லை, பேப்பர் சீக்கிரம் ரெடியாச்சு என்றார். எதிர்த்தரப்பிலிருந்து வருகிற தாள்களில் அந்தக் காலைப்பொழுதை அடிக்கடி பார்க்கிறேன். வெவ்வேறு பெயர்கள், வெவ்வேறு ஊர்கள். ஒரு வழக்கில் முடங்கிக் கிடக்கிற தாத்தாகூடப் பேரனைக் கைபிடித்து அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். படிக்கும்போது சிரிப்பு வரவில்லை.

விவாகரத்து முடிவாகி, இரண்டு தரப்பும் ஒத்துப்போய், கடைசி ஆவணத்தில் கையெழுத்துப் போட அண்ணன் வந்தார். இளைத்திருந்தார். அதே சட்டை இப்போது தொளதொளவென்று தெரிந்தது. உட்கார்ந்ததும் ஃபோனை எடுத்து நீட்டினார். படத்தில் மகள், புதுப் பள்ளியின் சீருடையில். முடி வளர்ந்திருந்தது. அவ்வளவு நீளம் இல்லை, ஆனால் இழுத்துப் பிடித்து இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு சடை பின்னி, நுனியில் வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தது. காதுக்குப் பின்னால் பின்னலுக்கு அகப்படாத முடி நீட்டிக்கொண்டிருந்தது. அவள் சிரிக்கவில்லை. கேமராவைப் பார்க்கச் சொன்னதால் பார்க்கிறவள் மாதிரி நின்றாள்.

"அவங்கம்மாதான் பின்னி உடுறா" என்றார். "எழுதுன மாதிரியே."

காலையில் பேசுகிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம். அங்கே காலை நேரம் அவசரம், ஃபோன் பார்த்தால் பிள்ளை சாப்பிடுவதில்லை என்று அந்த அம்மா சொல்லிவிட்டாராம். அவள் சொல்வதும் சரிதான் தம்பி என்றார். மாலையில் பேசலாம், ஆனால் பாலத்தில் பஸ் நிற்கும் நேரம் அது, லைன் விட்டு விட்டு வரும். இப்போதும் ஷிஃப்டுக்கு முன்னால் காண்டீனுக்குப் பின்னால் போய் நிற்பாராம். மற்றவர்கள் எல்லாரும் அங்கே நின்று ஃபோனைப் பார்த்து, எழுந்திரு, பல் தேய், காலுறை எங்கே என்று சொல்லிக்கொண்டிருப்பார்களாம். மணி அடிக்கும்வரை இவரும் அவர்களோடு நிற்பாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை. பழக்கமாகிவிட்டது என்று அவராகவே சொன்னார்.

ஆவணத்தை எடுத்தேன். வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பெயர், தேதி, பிள்ளை யாரிடம், எந்தக் கிழமை, எத்தனை மணிவரை. சுருக்கமான ஆவணம்தான். அவர் தலையாட்டாமல், நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடித்துத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பேனாவை எடுத்தவர் எழுதாமல் கொஞ்சம் பொறுத்தார். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருப்பதுபோல இருந்தது.

"அவ்வளவுதானா தம்பி?"

"அவ்வளவுதான்ணே."

அவர் கையெழுத்துப் போட்டார்.